பிள்ளையை முதல்முறை நிம்ஹான்ஸுக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு

பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை; குக்கர் விசிலுக்கு மட்டும் காதைப் பொத்திக்கொள்கிறது. “இவங்கப்பனும் நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்” என்று பாட்டி ஆறுதல் சொல்கிறார். குழந்தை மருத்துவரோ ஒரு சீட்டில் ‘நிம்ஹான்ஸ்’ என்று எழுதி நீட்டிவிட்டார். பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம் அது. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர்கள், அல்சூரில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள், தர்மபுரியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் என்று இந்தச் சீட்டோடு நிற்கும் தமிழ்க் குடும்பங்கள் பெங்களூரில் எப்போதும் உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து இதற்கென்றே பஸ் ஏறி வருகிறவர்களும் நிறைய. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அங்கே போவது பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும், நாளையிலிருந்து வீட்டில் என்ன செய்வது என்று கேட்டு வாங்கவும்தான். தினசரிப் பயிற்சி வீட்டிலும் வீட்டுக்குப் பக்கத்திலும்தான் நடக்க வேண்டும். இது புரியாமல் ஊரில் வேலையை விட்டுவிட்டு வில்சன் கார்டனில் அறை எடுத்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம்

பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும், 1954-ல் அதனோடு தொடங்கிய அகில இந்திய மனநலக் கழகமும் 1974-ல் ஒன்றாக்கப்பட்டதில் உருவானதுதான் நிம்ஹான்ஸ். 2012-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. சிகிச்சை, படிப்பு, ஆராய்ச்சி மூன்றும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. ஆட்டிசம் (பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் தெரியும் வளர்ச்சிக் குறைபாடு), ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்), அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு, கற்றல் குறைபாடு போன்றவற்றைக் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவ மனநலத் துறை பார்க்கிறது. வலிப்பு இருந்தால் நரம்பியல் துறையும் சேர்ந்துகொள்ளும்.

‘மனநல’ என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறும். “பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா பிள்ளையைக் கூட்டிப்போறீங்க?” என்று கேட்பார்கள். மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, அதற்கான டாக்டர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு மேல் விவாதம் வேண்டாம், நேரம்தான் போகும். 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்து, ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு ஏதாவது ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாகக் கணக்கிட்டது. காது கேளாமையும் வலிப்பும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். உங்கள் தெருவிலேயே இன்னொரு வீடு இருக்கும், வெளியே சொல்லாமல் இருப்பார்கள்.

கிளம்புவதற்கு முன்

ஒரு ஃபைல் போடுங்கள். பிரசவ ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, இதுவரை பார்த்த டாக்டர்களின் சீட்டுகள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் தேதி வரிசையில் இருக்கட்டும். பள்ளிக்கோ பால்வாடிக்கோ போகும் பிள்ளை என்றால் டீச்சரிடம் அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள். எந்த மொழியில் இருந்தாலும் பரவாயில்லை.

காது பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் முதலில் அதை முடித்துவிடுங்கள். பேச்சு வராத குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று எந்த டாக்டரும் கேட்பார். தலையில் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துச் செய்யும் பெரா பரிசோதனை அதற்குத்தான். லிங்கராஜபுரத்தில் இருக்கும் டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் காதுப் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி இரண்டும் உண்டு. மைசூருக்குப் போக முடிந்தவர்களுக்கு அங்கே 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. “டிவி சத்தத்துக்கு ஓடி வருகிறான், காது நன்றாகத்தான் கேட்கிறது” என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். சில சத்தம் கேட்டு, பேச்சின் ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

அப்புறம் வீடியோ. ஃபைலைவிட இதுதான் முக்கியம் என்பேன். புது இடத்தில், கூட்டத்தில், பிள்ளை ஒன்று அழும் அல்லது கல்லாகிவிடும். வீட்டில் செய்வது எதையும் டாக்டர் முன் செய்யாது. அதனால் போகும் வாரத்தில் போனில் சின்னச் சின்னதாக எடுத்து வையுங்கள்: சாப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, அக்கா தம்பியோடு இருக்கும்போது, பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, வேண்டியதைக் கேட்கும் விதம், அடம் பிடிக்கும்போது. கையை உதறுவது, நுனிக்காலில் நடப்பது, காரை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பது என்று எது உங்களுக்கு உறுத்துகிறதோ அதையும் எடுங்கள். ஒரு நிமிட வீடியோ போதும். ஒரு வயதில் எடுத்த பழைய பிறந்தநாள் வீடியோ இருந்தால் அதையும் காட்டுங்கள். அப்போது ‘அம்மா’, ‘தாத்தா’ என்று சொன்ன பிள்ளை பிறகு நிறுத்திவிட்டதா என்பது டாக்டருக்கு மிகவும் தேவையான தகவல்.

பழைய தேதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கழுத்து நின்றது, உட்கார்ந்தது, நடந்தது, முதல் சொல். துல்லியமாக வேண்டாம். “தீபாவளிக்கு நடந்தான், அப்போ பதினாலு மாசம்” என்ற அளவில் போதும்.

போகும் நாள்

ஓசூரிலிருந்து வருகிறவர்கள் மெஜஸ்டிக் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. பஸ் ஓசூர் சாலையோடுதான் வருகிறது. டெய்ரி சர்க்கிள் தாண்டினால் நிம்ஹான்ஸ். எங்கே நிற்கும் என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாந்திநகரில் இறங்கினாலும் ஆட்டோ தூரம்தான். ஆட்டோவில் ‘குழந்தைகள் ஆஸ்பத்திரி’ என்று சொல்லிவிடாதீர்கள், பக்கத்திலேயே இருக்கும் இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவார். ‘நிம்ஹான்ஸ் ஓ.பி.டி.’ என்று சொல்லுங்கள்.

காலையில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போங்கள். புது நோயாளிகளின் பதிவு காலையிலேயே முடிந்துவிடும். பிள்ளையின் ஆதார், பெற்றோர் ஆதார், வறுமைக்கோட்டு அட்டை இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். கட்டணம் குறைவுதான், அதுவும் சிரமம் என்றால் சமூகப்பணித் துறையினரிடம் தயங்காமல் சொல்லுங்கள். குடும்பத்தோடு தங்கும் வசதி பற்றியும் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சாப்பாடு, தண்ணீர், மாற்று உடை, பிள்ளைக்குப் பிடித்த ஒரு சாமான். இரண்டு பெரியவர்கள் கட்டாயம் வேண்டும்: ஒருவர் வரிசையில், ஒருவர் பிள்ளையோடு வெளியே மரத்தடியில். மூன்றாவதாகத் தாத்தா பாட்டியும் வந்தால் நல்லதுதான், ஆனால் டாக்டர் அம்மாவிடம் கேட்கும் கேள்விக்கு மாமியார் பதில் சொல்லும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். முதலில் சுருக்கமாகப் பார்ப்பார்கள். விரிவாகப் பார்க்க இன்னொரு தேதி தரலாம். அந்த நாளில் இளம் டாக்டர் ஒருவர் நீண்ட நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதுவார். ‘படிக்கிற பையன் பார்க்கிறான், பெரிய டாக்டர் எப்போது வருவார்’ என்று சிலர் பாதி பதிலோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் எழுதியதை வைத்துத்தான் மூத்த டாக்டர் முடிவெடுக்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். உங்கள் பிள்ளைக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கும் தனியார் டாக்டர் இந்த ஊரில் சுலபமாகக் கிடைக்க மாட்டார்.

கேள்விகளில் ஒன்று நம்மவர்களை உறுத்தும்: “சொந்தத்தில் கல்யாணமா?” மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று எதுவானாலும் உள்ளபடி சொல்லுங்கள். குற்றம் கண்டுபிடிக்கக் கேட்பதில்லை. மரபணுக் காரணங்களைத் தேட வேண்டுமா என்று முடிவெடுக்க அது வேண்டும். தேவைப்பட்டால் குரோமோசோம் மைக்ரோ அரே, ஃப்ரஜைல் எக்ஸ் பரிசோதனைகளை எழுதுவார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், இ.இ.ஜி. என்ற மூளை மின்னலைப் பரிசோதனையும் எல்லோருக்கும் தேவைப்படாது. “தலையை ஸ்கேன் பண்ணாமலே சொல்லிட்டாங்க” என்று குறைப்பட வேண்டாம். ஆட்டிசம் ஸ்கேனில் தெரிவதில்லை, பிள்ளையின் நடத்தையையும் வளர்ச்சியையும் பார்த்துத்தான் சொல்வார்கள். ஆட்டிசத்துக்கு நம் நாட்டில் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் 40 கேள்விகள் இருக்கும். மொத்த மதிப்பெண் 70-க்குக் கீழ் வந்தால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். இது இன்றைய நிலையின் கணக்கு மட்டுமே. பிள்ளை வளர வளர மாறலாம்.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை: என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள், உறுதியா சந்தேகமா? வீட்டில் முதலில் எதைத் தொடங்குவது? என்ன பயிற்சி, வாரம் எத்தனை முறை? மருந்து கொடுத்தால் அது எதற்கு? ஆட்டிசத்தையே போக்கும் மருந்து கிடையாது. ரிஸ்பெரிடோன் போன்றவை கடும் எரிச்சலுக்கும் தன்னைத்தானே அடித்துக்கொள்வதற்கும், மெத்தில்பெனிடேட் ஏ.டி.எச்.டி.க்கும் தருவார்கள். அடுத்த முறை எந்தக் கிழமை, எந்த யூனிட் என்பதை ஃபைல் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த மொழியில் பேசுவது?

பெங்களூரில் நம் பிள்ளைகளுக்கு இது தனிப் பிரச்சினை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டில் தமிழ், கீழ்வீட்டில் கன்னடம், பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் தெலுங்கு, யூடியூப்பில் இங்கிலீஷ் ரைம்ஸ், பார்க்கில் இந்தி. பேச்சு தாமதமானதும் யாராவது ஒருவர் தீர்ப்பு சொல்லிவிடுவார்: “நிறைய மொழி கேட்டுக் குழம்பிட்டான். வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, ஸ்கூலுக்கு உதவும்.” பள்ளியில் சொல்வார்கள், சில பயிற்சி மையங்களிலும் சொல்வார்கள்.

கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அம்மாவுக்குச் சரளமாக வராத இங்கிலீஷில் பேசத் தொடங்கினால் என்ன ஆகும்? ‘கம், சிட், ஈட், நோ’ என்று நாலு கட்டளையில் வீட்டுப் பேச்சு சுருங்கிவிடும். கொஞ்சலும் கதையும் பாட்டியின் பேச்சும் நின்றுபோகும். பேசப் பழக வேண்டிய பிள்ளையைச் சுற்றி இருக்கிற பேச்சையே நிறுத்திவிட்டுப் பயிற்சிக்குப் பணம் கட்டுவது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

டாக்டரிடமும் இதையே முதலில் சொல்லுங்கள்: “வீட்டில் தமிழ்தான்.” பெங்களூர் ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரிந்த டாக்டரோ நர்ஸோ பெரும்பாலும் இருப்பார்கள், கேட்டால் ஏற்பாடு செய்ய முயல்வார்கள். கேட்காவிட்டால் நடக்காது. “வேர் இஸ் தி டாக்?” என்று கேட்டால் விழிக்கும் பிள்ளை, “பௌபௌ எங்கே?” என்றால் சரியாகக் காட்டும். முதல் கேள்விக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் புரிதல் குறைவு என்று ஃபைலில் ஏறிவிடும்.

ஒரு தாளில் பிள்ளைக்குப் புரியும் சொற்களையும், சொல்லும் சொற்களையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள், மழலைச் சொல்லாக இருந்தாலும் சரி. பாலுக்குப் பாச்சி, சோற்றுக்கு மம்மு என்று எது பிள்ளையின் சொல்லோ அது. தமிழ் தெரியாத ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கு இந்தத் தாள் பெரிய உதவி. பிள்ளை ‘பாச்சி’ என்று கேட்கும்போது அது உளறல் இல்லை, பால் கேட்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஏ முதல் இசட் வரை ஒப்பிக்கிறான், விளம்பரப் பாட்டை முழுசாகச் சொல்கிறான், அதனால் பேச்சு இருக்கிறது என்று அப்பாக்கள் அடித்துச் சொல்வார்கள். தாகம் எடுத்தால் ‘தண்ணி’ என்று கேட்கிறானா, உங்கள் கையைப் பிடித்து இழுத்துக் குடத்தின் மேல் வைக்கிறானா என்று பாருங்கள். டாக்டர் கேட்பதும் அதைத்தான்.

பேச்சே வராத பிள்ளைக்குப் படம் காட்டிக் கேட்கப் பழக்குவார்கள். படம் பழகினால் பேச்சு நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். கடையில் விற்கும் அட்டைகளில் பேரிக்காயும் ஸ்ட்ராபெரியும் இருக்கும். உங்கள் வீட்டுத் தட்டு, உங்கள் வீட்டு இட்லி, தாத்தாவின் முகம் என்று போனில் எடுத்துப் பிரிண்ட் போட்டு ஒட்டுங்கள். சென்னையில் உருவான அவாஸ் என்ற செயலி தமிழிலும் இருக்கிறது, படத்தைத் தொட்டால் சொல்லைப் பேசும்.

பக்கத்தில் பயிற்சி தேடுவது

கோரமங்களா செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையின் யூனிட் ஆஃப் ஹோப், வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கானது. இந்திரா நகரில் 1982-ல் தொடங்கிய கர்நாடக ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி இருக்கிறது. பெருமூளை வாதத்துக்காகத் தொடங்கியது, ஆட்டிசப் பிள்ளைகளையும் பார்க்கிறார்கள். பேச்சு மொழி நிபுணர் பிரதிபா காரந்த் 2000-ல் தொடங்கிய காம் டீல் முறை சின்னப் பிள்ளைகளுக்கான தீவிரப் பயிற்சி. அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். ஊருக்குத் திரும்புகிறவர்கள், மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியில் உள்ள மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். 18 வயது வரை இலவசம். சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் உண்டு.

தெருவுக்கு ஒரு தெரபி சென்டர் முளைத்திருக்கிறது, பல இடங்களில் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. சேர்க்கும் முன் பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர், மருத்துவ உளவியலாளர் ஆகியோரிடம் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு எண் கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு “வெளியே உட்காருங்க” என்று மட்டும் சொல்லும் இடம் வேண்டாம். மூன்று மாதத்தில் எதை எட்டப் பார்க்கிறார்கள் என்று எழுதித் தர வேண்டும், வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்து காட்ட வேண்டும். அடிக்கும், கட்டிவைக்கும் இடத்திலிருந்து அன்றே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

‘ஸ்டெம் செல் போட்டால் ஆட்டிசம் குணமாகும்’ என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைக்க வேண்டாம். உடம்பிலிருந்து உலோகம் எடுக்கும் கீலேஷன் ஆபத்தானது. எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற 1998-ம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. தம்பி தங்கைக்கு ஊசி போடாமல் விட்டுவிடாதீர்கள். போன் பார்த்து ஆட்டிசம் வந்தது என்பதும் சரியில்லை. ஆனால் போன் கையில் இருக்கும் நேரமெல்லாம் பிள்ளையோடு பேசாத நேரம், அதனால் குறையுங்கள்.

ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டால்

பெங்களூரில் மூளை வளர்ச்சி ஆராய்ச்சி நிம்ஹான்ஸில் மட்டும் நடப்பதில்லை. பெல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. பக்கம் இன்ஸ்டெம் போன்ற உயிரியல் ஆராய்ச்சி நிறுவனங்களும் இதில் வேலை செய்கின்றன. அதனால் உங்களிடமும் ரத்தமோ எச்சிலோ கேட்கக்கூடும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். மறுக்கலாம், மறுத்தால் சிகிச்சை குறையக் கூடாது. பாதியில் விலகவும் உரிமை உண்டு. ஏழு வயதுக்கு மேல் புரிந்துகொள்ளக்கூடிய பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டு உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மற்றபடி கொடுப்பதில் தயங்க ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். பலன் உங்கள் பிள்ளைக்கு உடனே கிடைக்காது, அதைத் தெரிந்தே கொடுங்கள்.

சான்றிதழும் சலுகைகளும்

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பெருமூளை வாதம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கின்றன, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று சான்று வேண்டும். யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அட்டை நாடு முழுவதும் செல்லும். ஆனால் மாதாந்திர உதவித்தொகை மாநிலத்தின் கையில் இருக்கிறது. ரேஷன் கார்டு தமிழ்நாட்டிலும் வாடகை வீடு பெங்களூரிலும் இருக்கும் குடும்பங்கள் எந்த முகவரியில் விண்ணப்பிப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், பிறகு மாற்றுவது அலைச்சல். சின்ன வயதில் தரும் சான்றிதழ் பெரும்பாலும் தற்காலிகமானது. முடியும் தேதியைப் பாருங்கள். கற்றல் குறைபாட்டுச் சான்று எட்டு வயதுக்கு மேல்தான்.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. பயிற்சிச் செலவுக்கும் ஒரு பகுதி கிடைக்கும், பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். சம்பளக்காரர்களுக்குப் பழைய வருமான வரிமுறையில் 75,000 ரூபாயும், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு. பள்ளியில் சேர்க்க மறுத்தால் சட்டத்தைச் சொல்லுங்கள். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. சி.பி.எஸ்.இ. பள்ளியில் மூன்றாம் மொழியிலிருந்து விலக்குக் கேட்கலாம்.

அம்மா தூங்காமல், அழுதுகொண்டே இருக்கிறார் என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். இலவசம், தமிழில் பேசலாம்.

ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட்டில், துணையில்லாமல் பயணிக்க முடியாத அறிவுசார் குறைபாடுள்ளவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பர், மூன்றாம் வகுப்பு ஏசியில் 75 சதவீதச் சலுகை உண்டு. அதற்கு ரயில்வேயின் படிவத்தில் அரசு டாக்டரின் கையெழுத்து வேண்டும். படிவத்தை முன்பே பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்திருந்தால், அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது அங்கேயே கேட்டுவிடலாம்.